யு.எச்.ல காலேஜ் லைஃபே இல்லைன்னு யார் சொன்னது?

பழைய கூகர்:
நேத்து நம்ம ஹூஸ்டன் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுல வந்த மெசேஜைப் படிச்சதிலேருந்து மனசு ஆறல. "ஹூஸ்டன் யுனிவர்சிட்டி (யு.எச்.) வெறும் கம்யூட்டர் காலேஜ். கிளாஸ் முடிஞ்சா எல்லாரும் காரை எடுத்துட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு பார்க்கிங் லாட் காலி. பசங்களோட ஃப்ரட்டர்னிட்டி, பொண்ணுங்களோட சொராரிட்டின்னு சொல்ற மாணவர் சங்கம் எல்லாம் பேருக்குத்தான்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். நான் அங்க படிச்சவன். நம்ம ஊர்ப் பொண்ணுங்க நிறைய பேர் இருக்கிற தெற்காசிய சொராரிட்டி டெல்டா ஃபை ஒமேகா 1998-ல தொடங்கினதே இந்தக் கேம்பஸ்லதான். இப்போ நாடு முழுக்க இருக்கு. பேருக்கு நடக்கிற இடத்துலயா இதெல்லாம் பிறக்கும்?

கேட்டி அப்பா:
எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே கேட்கலாம், பயமில்ல. பொண்ணைக் கூப்பிட நான் போறேன், கண்ணால பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு லாட் காலி. இதுக்கு பதில் சொல்லுங்க, 1998 கதை வேண்டாம்.

பழைய கூகர்:
எந்த லாட்? லாட்டும் இருக்கு, அடுக்கு கராஜும் இருக்கு. திங்கள்-புதன், செவ்வாய்-வியாழன்னு ஜோடியா கிளாஸ் வைக்கிறதால வெள்ளிக்கிழமை கூட்டம் குறைவுதான். அதே லாட்டை சனிக்கிழமை ஃபுட்பால் மேட்ச் அன்னிக்கு வந்து பாருங்க. காலையிலேயே கூடாரம் போட்டு, அடுப்பு மூட்டி, ஒவ்வொரு ஃப்ரட்டர்னிட்டியும் கொடியோட நிக்கும். 2014-ல புது ஸ்டேடியம், 2015-ல கேம்பஸ் வாசலுக்கே பர்ப்பிள் லைன் ரயில், 2023-ல பெரிய காலேஜ் டீம்கள் ஆடுற பிக் 12 லீக். நீங்க இன்னும் பழைய காலத்துலயே நிக்கிறீங்க.

கேட்டி அப்பா:
நான் கேட்டது வெள்ளிக்கிழமை. நீங்க சொல்றது சனிக்கிழமை.

ஆஸ்டின்வாசி:
குறுக்கிடறதுக்கு மன்னிக்கணும். எங்க ஆஸ்டின்ல டெக்சாஸ் யுனிவர்சிட்டியை ஒட்டின வெஸ்ட் கேம்பஸ் பக்கம் ராத்திரி எத்தனை மணிக்கு வேணாலும் வாங்க, தெருவுல பசங்க இருப்பாங்க. வீடு எடுத்து ஒண்ணா இருந்தாத்தான் அது ஃப்ரட்டர்னிட்டி. தெற்காசிய ஃப்ரட்டர்னிட்டி டெல்டா எப்சிலான் சை எங்க ஊர்ல தொடங்கினதும் அதே 1998-லதான். அதனால அந்த வருஷத்தை ரொம்ப ஆட்டாதீங்க சார்.

சுகர்லேண்ட் அம்மா:
வீடு இருந்தாத்தான் உண்டுன்னு சொல்றவங்களுக்கு வீட்டிலிருந்து போற பிள்ளையோட கஷ்டம் தெரியாது. என் பையன் முதல் செமஸ்டர்ல ரெண்டு கிளாஸுக்கு நடுவுல கார்லயே ஏசியைப் போட்டுட்டு டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதம் சாப்பிடுவான். ஸ்டூடண்ட் சென்டர்ல யாரோட உக்கார்றதுன்னு தெரியாது. ஒரு தெற்காசிய ஃப்ரட்டர்னிட்டியில சேர்ந்தப்புறம் அவனுக்கு 'பிக்'னு ஒரு அண்ணன் கிடைச்சான். எந்த புரொஃபசர் எப்படி, எந்த மூலையில படிக்கலாம், மிட்டெர்ம் அன்னிக்கு யார் கார்ல சேர்ந்து போறதுன்னு எல்லாம் அவன்தான் சொல்லிக்கொடுத்தான். ஹாஸ்டல்ல இருக்கிற பிள்ளைக்கு பக்கத்து ரூம் இருக்கு. வீட்டிலிருந்து போற பிள்ளைக்குத்தான் இது அதிகமா தேவை.

மதுரை மாமா:
அம்மா, சந்தா எவ்வளவு கட்டினீங்கன்னும் சொல்லுங்க. என் அக்கா பையன் வேற ஊர்ல ஒரு அமைப்புல சேர்ந்து, பணம் போனது போக, மார்க்கும் போச்சு. 2017-ல பென் ஸ்டேட் யுனிவர்சிட்டியில, ஃப்ரட்டர்னிட்டியில சேர வந்த 19 வயசுப் பையனை முதல் நாளே குடிக்க வெச்சு, படியில விழுந்தவனுக்கு ஆம்புலன்ஸ்கூட உடனே கூப்பிடல. செத்துப்போனான். கடைசியில 2024 டிசம்பர்ல இந்த மாதிரி ராகிங்குக்கு எதிரா ஃபெடரல் சட்டமே போட வேண்டியதாச்சு. இதுக்குப் பேரு சகோதரத்துவமா?

பழைய கூகர்:
அந்தக் கொடுமையை யாரும் நியாயப்படுத்தல. ஆனா பென் ஸ்டேட் கம்யூட்டர் காலேஜா? நடந்தது ஃப்ரட்டர்னிட்டி வீட்டுக்குள்ள. எங்க பசங்க பாதிப்பேர் ராத்திரி அம்மா கையால சாப்பிட வீட்டுக்குப் போறவங்க.

மதுரை மாமா:
அப்போ குடிச்சிட்டு 59 ஹைவேல வண்டி ஓட்டிட்டு வருவாங்க. அது இன்னும் மோசம்.

சுகர்லேண்ட் அம்மா:
என் பையன் குடிக்கிறான்னு நீங்க பார்த்தீங்களா? வார்த்தையை அளந்து பேசுங்க.

கேட்டி அப்பா:
எல்லாரும் என்னென்னமோ பேசுறீங்க. வெள்ளிக்கிழமை மூணு மணி. லாட் காலி. ஒருத்தராவது இல்லைன்னு சொன்னீங்களா?

பழைய கூகர்:
நான் சொல்றேன், இல்லை! ஃபிரான்டியர் ஃபியெஸ்டா சமயத்துல வந்து பாருங்க. 1940-ல தொடங்கி, நடுவுல நின்னு, 1992-ல திரும்ப வந்த விழா. ஃப்ரட்டர்னிட்டியும் சொராரிட்டியும் மரப்பலகை அடிச்சு, பெயின்ட் பூசி, பழைய கௌபாய் ஊர் மாதிரி முகப்பு கட்டி, உள்ளயே மேடை போட்டு ஆட்டம் பாட்டு நடத்துவாங்க. கையில சுத்தியலோட நடுராத்திரி வரைக்கும் நிக்கிறவங்கள்ல எத்தனையோ பேர் பியர்லாண்ட், கேட்டி மாதிரி புறநகர்லயிருந்து வர்ற பிள்ளைங்க. எண்பதுகள்ல ஒலாஜுவான், ட்ரெக்ஸ்லர் ஆடின கூடைப்பந்து டீமுக்கே ஃபை ஸ்லாமா ஜாமான்னு, கிரேக்க எழுத்துல வைக்கிற ஃப்ரட்டர்னிட்டி பேரு மாதிரி பேருதான் ஒட்டிக்கிச்சு. அது எங்க ரத்தத்துல இருக்கு.

ஆஸ்டின்வாசி:
அந்த டீம் 1983 ஃபைனல்ல 54-52ன்னு தோத்துச்சே, அதையும் எழுதுங்க.

பழைய கூகர்:
தோத்ததும் எங்களுக்குப் பெருமைதான். மூணு வருஷம் தொடர்ந்து ஃபைனல் ஃபோருக்கு, அதாவது நாட்டுலயே கடைசி நாலு காலேஜ் டீமுக்குள்ள, போனவங்க நாங்க. உங்க டீம் அப்போ எங்க இருந்துச்சு?

கேட்டி அப்பா:
ஃபியெஸ்டா வருஷத்துல ஒரு வாரம். மத்த வெள்ளிக்கிழமை?

பழைய கூகர்:
மத்த வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு மேல கிளம்பினா ஐ-10-ல கேட்டி போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்னு உங்களுக்கே தெரியும். டிராஃபிக்குக்கு பயந்து முன்னாடியே கிளம்புறவங்களை வெச்சு ஒரு யுனிவர்சிட்டிக்கே சர்டிபிகேட் கொடுக்காதீங்க.

கேட்டி அப்பா:
ஆக, கிளம்பிடறாங்கன்னு ஒத்துக்கிட்டீங்க.

பழைய கூகர்:
ஒண்ணும் ஒத்துக்கல. சங்கத் தேர்தல்லயும் இப்படித்தான் என் வார்த்தையைத் திரிச்சீங்க.

கேட்டி அப்பா:
தேர்தலை இழுக்காதீங்க. பொங்கல் விழாவுக்கு ஹால் புக் பண்ணுன கணக்கை நீங்க இன்னும் காட்டல.

மதுரை மாமா:
அந்தக் கணக்கை நானும் கேட்டேன், எனக்கும் பதில் வரல.

பழைய கூகர்:
பொருளாளர்கிட்ட கேளுங்க. ரசீது முழுக்க அவர்கிட்டதான் இருக்கு.

சுகர்லேண்ட் அம்மா:
மாமா, என் பையனைப் பத்தி எழுதினதை முதல்ல நீக்குங்க. அப்புறம் ரசீதைப் பார்க்கலாம்.