பாத்ரூமில் விழுந்ததாகச் சொல்லச் சொன்னார்கள்

2019 ஜூலை. கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்து எனக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு சிஎன்சி மெஷினில் கூலன்ட், அதாவது வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் திரவம், கசிந்துகொண்டே இருந்தது. அதன்மேல் மரத்தூள் கொட்டி வைத்திருந்தோம். மரத்தூள் ஊறிவிட்டால் முன்பைவிட மோசமாக வழுக்கும். பார்வைக்கு மட்டும் காய்ந்த மாதிரி கிடக்கும். பக்கத்திலேயே, நடக்கும் வழிக்குக் குறுக்கே ஏர் ஹோஸ் (காற்றுக் குழாய்). தினமும் தாண்டிப் போன ஹோஸ்தான். அன்றைக்கு இரண்டு கையிலும் இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) ட்ரே, காலடி தெரியவில்லை. ஒரு கால் ஹோஸில் தட்டியது, ஊன்றிய கால் மரத்தூளில் போனது. வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு கரண்டிக் காம்பு மாதிரி வளைந்து நின்றது.

ஆட்டோவில் போகும்போது சூப்பர்வைசர் சொன்னார்: "தம்பி, ரூம்ல பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொல்லிடு. செலவை கம்பெனி பாத்துக்கும்." வலியில் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

கூட வந்த லேத் அண்ணன், ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போது மெதுவாகச் சொன்னார்: "அப்படிச் சொன்னா உனக்கு ஒண்ணும் கிடைக்காது. நானும் ஒருதரம் சொல்லி ஏமாந்திருக்கேன்."

அவர் சொன்னதுதான் என்னைக் காப்பாற்றியது. வீட்டில் விழுந்தால் இஎஸ்ஐயில், அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டில், அது நோய் விடுப்புக் கணக்கு. அதற்குச் சந்தா கட்டிய நாட்கள் போதிய அளவு சேர்ந்திருக்க வேண்டும், சேர்ந்திருந்தாலும் சம்பளத்தில் 70 சதவீதம்தான். புது ஆளான எனக்கு அதுவும் கிடையாது. வேலையில் பட்ட காயம் என்றால் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு, 90 சதவீதம் வரும். பிற்பாடு கை சரியாக மடங்காமல் போனால் நிரந்தர ஊனத்துக்குக் கேட்கவும் அந்தப் பதிவுதான் ஆதாரம்.

டாக்டர் "எங்கே விழுந்தே?" என்று கேட்டார். "கம்பெனியில, மெஷின் பக்கத்துல சார்" என்றேன். சூப்பர்வைசர் முகத்தை நான் பார்க்கவில்லை.

கம்பெனி விபத்து அறிக்கையான படிவம் 12-ஐ இழுத்தடித்துத்தான் கொடுத்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பணம் பேங்க் கணக்குக்கு வந்துவிட்டது.

வழுக்கும் பொருளோ தடையோ நடைவழியில் இருக்கக் கூடாது என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 32-வது பிரிவிலேயே அப்போது இருந்தது என்பதை, கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் படித்தேன்.

திரும்பப் போனபோது ஹோஸை மேலே கொக்கியில் மாட்டியிருந்தார்கள். கூலன்ட் கசிவு அப்படியே இருந்தது, மேலே புது மரத்தூளோடு.