கலிபோர்னியா கவுண்டி கோர்ட்டில் பழைய சிவில் கேஸ் நகல் வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் மக்களே. நாங்கள் வாங்கப் பார்க்கும் வீட்டின் உரிமையாளர் மேல் 2011-ல் ஒரு கான்ட்ராக்டர் சிவில் கேஸ் போட்டிருக்கிறார், அதன் தீர்ப்பு நகல் எனக்கு வேண்டும். முதலில் விவரம் தெரியாமல் பேஸர் (PACER) என்ற ஆன்லைன் கோர்ட் ரெக்கார்டு தளத்தில் ஒரு மணி நேரம் தேடினேன், அப்புறம்தான் அது ஃபெடரல் கோர்ட்டுகளுக்கு மட்டும் என்று புரிந்தது. இங்கே 58 கவுண்டிக்கும் தனித்தனி சுப்பீரியர் கோர்ட் (மாநில விசாரணை நீதிமன்றம்), ஒவ்வொன்றுக்கும் ஒரு வெப்சைட், எதுவும் இன்னொன்று மாதிரி இல்லை!

கேஸ் நம்பர் கையில் இல்லை, பெயர் மட்டும்தான். நகலுக்குப் பக்கத்துக்கு 50 சென்ட், தேட பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் 15 டாலர், சரி, அது பரவாயில்லை. கவலை வேறு. சாதாரண சிவில் ஃபைல்களைப் பத்து வருடம் கழித்து அழித்துவிடலாமாம், பெரிய தொகை கேஸ்களின் தீர்ப்பை மட்டும் நிரந்தரமாக வைக்க வேண்டுமாம். தீர்ப்பையே பத்து வருடத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் அது காலாவதி என்கிறார்கள், புதுப்பித்தார்களா என்பதுதான் எனக்கு முக்கியம்.

தபாலில் கேட்டு வாங்கியவர்கள் இருந்தால், கடிதத்தில் என்ன எழுதினீர்கள், எத்தனை நாள் ஆனது? இல்லை, லீவு போட்டு கிளார்க் கவுண்டருக்கே நேரில் போய்விடுவது நல்லதா? சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் ரெக்கார்டர் ஆபீஸிலும் தனியாகப் பார்க்க வேண்டுமா?