மருந்து கருவுக்கு ஆகுமா என்று விலங்குகளில் சோதிப்பது: பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வாசுகி, ரோஸ் ஹில்

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. கல்யாணம் நிச்சயமானதும் மருத்துவர் என் மாத்திரையை மாற்றினார். அதுவரை சாப்பிட்டது வால்புரோயேட். "குழந்தை வேண்டும் என்றால் இதை முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும், நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது" என்றார். ஏன் என்று கேட்டதற்குக் கணினியில் மருந்தின் விவரக்குறிப்பைத் திறந்து காட்டினார். கருவுக்குத் தீங்கு தெரிந்த விலங்குகள் என்று சுண்டெலி, எலி, முயல், குரங்கு வரிசையாக இருந்தன. குரங்கு என்ற இடத்தில் நின்றுவிட்டேன். நம் மொரீஷியஸ் தீவிலிருந்து ஜாக்கோ குரங்குகள் வெளிநாட்டு ஆய்வகங்களுக்குப் போவது தெரியும். இதற்குமா போகின்றன? அந்த வேலையில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

தேவகி, கியூர்பிப்

வாசுகி, நான் கல்யாணமாகி இங்கே வருவதற்கு முன் இந்தியாவில் ஒரு ஆய்வகத்தில் ஆறு வருடம் இந்த வேலைதான் பார்த்தேன். எலியும் முயலும்தான், குரங்கு இல்லை.

சினையான எலிக்கு 6ஆம் நாளிலிருந்து 17ஆம் நாள் வரை தினமும் மருந்து கொடுப்போம். உறுப்புகள் உருவாகும் நாட்கள் அவை. எலிக்குப் பிரசவம் 21, 22 நாளில். அதற்கு ஒரு நாள் முன்பே கருப்பையைத் திறந்துவிடுவோம். காத்திருந்தால் குறையுள்ள குட்டியைத் தாயே தின்றுவிடும், கணக்கு தப்பிவிடும். முதலில் சினைப்பையைப் பார்ப்போம். முட்டை வெளியேறிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு மஞ்சள் புள்ளி இருக்கும். பன்னிரண்டு புள்ளி, கருப்பையில் ஒன்பதுதான் ஒட்டியிருக்கிறது என்றால் மூன்று ஒட்டுவதற்கு முன்பே போய்விட்டன. அப்புறம் குட்டிகளைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறப்போட்டு அலிசரின் சாயம் ஏற்றுவோம். சதை கண்ணாடி மாதிரி ஆகிவிடும், எலும்பு மட்டும் கருஞ்சிவப்பாகத் தெரியும். ஒரு விரல் நீளம்கூட இல்லாத குட்டியின் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணுவோம். முதல் தடவை பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொன்று வெளியே பலருக்குத் தெரியாது. எண்ணிக்கை குட்டியை வைத்து அல்ல, ஈற்றை வைத்து. ஒரு தாயின் பத்துக் குட்டிக்கும் ஒரே குறை என்றால் அது பத்துச் சாட்சி ஆகாது, ஒரே சாட்சி. அதனால்தான் மருந்தின் ஒவ்வொரு அளவுக்கும் இருபது தாய்கள் போல வைப்பார்கள்.

முயல் ஏன் என்று கேட்பீர்கள். தாலிடோமைடு 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து 1961இல் திரும்பப் பெறப்பட்டது. அதனால் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறை போன்றவற்றோடு பிறந்தார்கள். கர்ப்பிணி விலங்குகளில் ஒழுங்காகச் சோதிக்காமலே விற்றிருந்தார்கள். பிறகு சோதித்தபோது எலி பெரிதாக எதையும் காட்டவில்லை. நியூசிலாந்து வெள்ளை முயலும் குரங்கும் காட்டின. எலியை மட்டும் நம்பக் கூடாது என்று அன்றைக்குப் படித்த பாடம்தான் இன்றும் இரண்டு இனம் கேட்கிறது.

மனதில் இன்னும் உறுத்துவது ஒன்று. ஒரு முறை முயல் அறைக்குப் பக்கத்தில் சுவரை இடித்து வேலை நடந்தது. நான்கு நாள் துளைபோடும் சத்தம். முயல் பயந்த பிராணி, பயந்தால் தீனியை விட்டுவிடும், கருவும் கலையும். மருந்தே கொடுக்காத கன்ட்ரோல் குழுவில் மூன்று கலைந்தன. "சத்தத்தைப் பற்றி ஏட்டில் எழுத வேண்டாம்" என்று மேலே இருந்தவர் சொன்னார். எழுதாவிட்டால் என்ன ஆகும்? மருந்துக் குழுவில் ஐந்து கலைந்திருந்தாலும் கன்ட்ரோலிலும் மூன்று இருக்கிறதே, பெரிய வித்தியாசம் இல்லை என்று படிப்பவர் தாண்டிப் போய்விடுவார். அந்த மாத்திரையை வாங்கப் போகிற பெண் எங்கோ இருக்கிறாள். நேரத்தையும் தேதியையும் போட்டு எழுதிக் கையெழுத்து வைத்தேன். அந்த ஆய்வை மறுபடி புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று, இன்னும் எண்பது முயல். அவற்றின் சாவுக்கு என் எழுத்து காரணமா, அந்தத் துளைக்கருவி காரணமா என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். ஆனாலும் எழுதியதில் வருத்தமில்லை.

செல்வம், ரிவியேர் நுவார்

தேவகி அக்கா, மனசு கனத்துப் போச்சு. எங்கள் பக்கம் கரும்பிலும் லிச்சியிலும் ஜாக்கோ புகுந்து நாசம் செய்யும். பிங்க் புறா முட்டையையும் விடாது. நம் தீவுக்கு அது பூர்வீகமும் இல்லை, நானூறு வருடத்துக்கு முன் கப்பலில் வந்து இறங்கியது. தொண்ணூறுகளில் என் மாமா கூண்டு வைத்துப் பிடித்து ஒரு பண்ணைக்குக் கொடுப்பார். சின்னப் பையனாக நானும் கூடப் போயிருக்கிறேன். கூண்டுக்குள் மாட்டினதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பார்வை பார்க்கும். மூட்டை சுமந்த கை, அதைத் தூக்கும்போது மட்டும் நடுங்கும் எனக்கு. எலியும் முயலும் இருக்கும்போது குரங்கு எதற்கு அக்கா?

தேவகி, கியூர்பிப்

தம்பி, மாத்திரை மருந்துகளுக்குப் பெரும்பாலும் எலியும் முயலும் போதும். இப்போது ஊசியாகப் போடுகிற ஆன்டிபாடி எனும் எதிர்ப்புரத மருந்துகள் வந்திருக்கின்றன. அவற்றில் பல மனிதப் புரதத்திலும் அதை ஒத்த குரங்குப் புரதத்திலும்தான் ஒட்டும், எலியின் புரதத்தில் ஒட்டாது. ஒட்டாத விலங்கில் போட்டால் தீங்கு ஒன்றும் தெரியாது, அது பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. அந்த இடத்தில்தான் நீள்வால் குரங்கை, அதாவது நம் ஜாக்கோவைக் கேட்கிறார்கள். நம் ஊர்க் குரங்குக்கு, மனிதருக்கு ஆபத்தான ஹெர்பிஸ் பி வைரஸ் இல்லாததால் கிராக்கி அதிகம். கர்ப்பம் ஐந்து மாதத்துக்கு மேல், ஒரே குட்டி, பிறந்த பிறகும் பல மாதம் கவனிக்க வேண்டும். மருந்தில்லாமலே கருக்கலைவது குரங்குகளில் சாதாரணமாக நடப்பது. சில குரங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு இதில் தெளிவான விடை எடுப்பது கஷ்டம். அவசியமில்லாத இடத்தில் குரங்கைக் கேட்பது தப்பு என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். உங்கள் மாமா பிடித்ததில் சினைக்குரங்கு இருந்தால் என்ன செய்வார் என்று கேட்டுச் சொல்ல முடியுமா?

செல்வம், ரிவியேர் நுவார்

நேற்று போய்க் கேட்டேன் அக்கா. வயிறு தெரிந்தால் கூண்டைத் திறந்து விட்டுவிடுவாராம், அத்தைக்கு அப்போது மூத்தவன் வயிற்றில் இருந்தானாம். வயிறு தெரியாமல் எத்தனை போயிருக்கும் என்று அவரே என்னைத் திருப்பிக் கேட்டார்.