பிஆர்எஸ்ஆர் பக்கங்களை யாராவது படிக்கிறீர்களா?

நொய்யல்காரன்:
பங்குச் சந்தையில் பட்டியலிட்ட, சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்கள் தண்ணீர், மின்சாரம், கழிவு, ஊழியர் நலன் எல்லாவற்றையும் பிஆர்எஸ்ஆர் (வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை) என்று ஆண்டறிக்கையில் எழுதி பங்குச் சந்தைக்கு அனுப்ப வேண்டும் என்று 2022-23 முதல் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி கட்டாயமாக்கியிருக்கிறது. அதனால் எந்த ஆறு சுத்தமானது? நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததால் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அப்போதுதான் முதலாளிகளுக்கு உறைத்தது, அறிக்கையால் அல்ல.

கணக்கன்:
நான் படிக்கிறேன் சார். இதற்கு முன்பு, 2012-ல் வந்த பழைய பிஆர்ஆரில் (வணிகப் பொறுப்பு அறிக்கை) "கொள்கை உண்டா?" என்று கேட்டால் "உண்டு" என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். இப்போது எண் கேட்கிறார்கள், பக்கத்திலேயே போன வருஷத்து எண்ணும் இருக்கிறது. சிமென்ட் பங்கு வாங்கும் முன் ஒரு கோடி விற்றுமுதலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்பேன்.

நொய்யல்காரன்:
அங்கேதான் ஏமாறுகிறீர்கள். சிமென்ட் விலை ஏறினால் அந்த விகிதம் தானாக இறங்கும், உறிஞ்சிய தண்ணீர் ஒரு சொட்டும் குறைந்திருக்காது.

கணக்கன்:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மொத்தத் தண்ணீரையும் கிலோலிட்டரில் கொடுக்கிறார்கள், முதலில் அதைப் பாருங்கள். எண்ணே இல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் இப்போது சொன்னதைக்கூடச் சொல்லியிருக்க முடியாது.

ஓரக்கண்:
எண் சரியா என்று யார் பார்ப்பது? 2023-ல் பிஆர்எஸ்ஆர் கோர் என்று முக்கியமான எண்களை மட்டும் தனியாகப் பிரித்துக் கொண்டு வந்து, முதலில் 150 நிறுவனங்கள், பிறகு படிப்படியாக 1000 வரை வெளியாள் சரிபார்த்து உறுதி தர வேண்டும் என்றார்கள். அப்புறம் உறுதிச்சான்றுக்குப் பதில் வெளியாள் மதிப்பீடு இருந்தாலே போதும் என்று தளர்த்திவிட்டார்கள். சரிபார்ப்பவருக்குக் காசு கொடுப்பதும் அதே நிறுவனம். பங்குச் சந்தையும் அவர்களிடம் பட்டியல் கட்டணம் வாங்கிப் பிழைக்கிற கம்பெனிதான். அறிக்கை தாமதமானால் அபராதம் போடுவார்கள், உள்ளே இருப்பது புளுகா என்று தோண்டுவார்களா?

கணக்கன்:
நிதிக் கணக்குத் தணிக்கையாளருக்கும் கம்பெனிதானே சம்பளம் தருகிறது, அதற்காக லாப நட்டக் கணக்கே வேண்டாம் என்றா சொல்கிறோம்?

நொய்யல்காரன்:
என் கதையைக் கேளுங்கள். சின்ன பனியன் யூனிட். எங்களிடம் துணி வாங்குகிற பட்டியலிட்ட நிறுவனம் ஒன்று, தன் அறிக்கைக்காக எங்களுக்கு எக்செல் அனுப்பியது. ஜெனரேட்டர் டீசல் எத்தனை லிட்டர், லாரித் தண்ணீர் எவ்வளவு, எல்லாம் மாதவாரியாக. டீசல் கணக்கு வாட்ச்மேன் நோட்டில் இருக்கிறது, அதிலும் பாதிப் பக்கம் கிழிந்துவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து குத்துமதிப்பாக நிரப்பினோம். அந்த எண்தான் எங்கேயோ ஒரு அறிக்கையில் இப்போது கம்பீரமாக உட்கார்ந்திருக்கும்.

கணக்கன்:
அவர்கள் மொத்தக் கொள்முதலில் உங்கள் பங்கு 2 சதவீதமாவது வருமா? இல்லையென்றால் செபி விதிப்படி உங்களிடம் கேட்கவே தேவையில்லை. அதற்கு மேல் இருப்பவர்களுக்குக்கூட அது விருப்பத்தின் பேரில்தான்.

நொய்யல்காரன்:
அரை சதவீதம்கூட வராது. இந்த விதியை நான் போய் அவர்கள் பர்ச்சேஸ் மேனேஜரிடம் சொன்னால் அடுத்த ஆர்டரை நீங்கள் தருவீர்களா அண்ணே?