எச்4 ஹோல்டரில் எல்இடி பல்பு மாட்டலாமா, கூடாதா?

ராத்திரி வண்டி
கொஞ்சம் பழைய 150 சிசி வண்டி. எச்4 ஹோல்டர் (பிரைட், டிம் இரண்டுக்கும் ஒரே பல்பு), பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55 என்று 60/55 வாட் ஹாலஜன். தெருவிளக்கு இல்லாத ரோட்டில் டிம்மில் ஓட்டினால் முன்னால் மஞ்சளாக ஒரு திட்டு, அவ்வளவுதான். ஸ்பீடு பிரேக்கர் மேல் ஏறின பிறகுதான் அது ஸ்பீடு பிரேக்கர் என்றே தெரிகிறது. அதே ஹோல்டரில் உட்காரும் எல்இடி பல்பு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் பிரிக்கவில்லை. பெட்டியில் 12,000 லூமென் (வெளிச்ச அளவு) என்று போட்டிருக்கிறது. மாட்டலாமா? எதிரில் வருகிறவருக்குக் கண் கூசும் என்று ஒரு கோஷ்டி சொல்கிறதே, அது நிஜமா, சும்மா பயமுறுத்தலா?

ஒயர்மேன்
மாட்டாதீங்க. காரணம் சொல்றேன்.

எச்4 பல்பை ஒருதடவை கையில எடுத்துப் பாருங்க (கண்ணாடியைத் தொடாம). உள்ள ரெண்டு இழை இருக்கும். முன்னாடி இருக்கிற டிம் இழைக்கு அடியில ஸ்பூன் மாதிரி ஒரு குட்டித் தகடு. அந்தத் தகடுதான் ரெஃப்ளெக்டரோட கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் போகாம மறைக்குது. அது மறைக்கிறதாலதான் டிம்ல மேல் விளிம்பு கத்தியால வெட்டின மாதிரி நிக்குது, எதிர்ல வர்றவன் கண்ணு தப்பிக்குது. இழை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உக்கார்ந்தாலும் ரோட்டுல விழுற வெளிச்சத்தோட வடிவமே மாறிடும். எல்இடி பல்புல இழை இல்ல. ஒரு பட்டையோட ரெண்டு பக்கமும் சிப்பு ஒட்டியிருப்பாங்க. பட்டை தடிமனா இருந்தா ரெஃப்ளெக்டருக்கு வெளிச்சம் ரெண்டு இடத்துல இருந்து வர்ற மாதிரி ஆயிடும்.

அப்புறம் அந்த 12,000. தரக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட 60/55 எச்4, 13.2 வோல்ட்ல டிம்ல சுமார் 1,000 லூமென், பிரைட்ல 1,650 லூமென் தரும். ஒரு வாட்டுக்கு 100 லூமென்னு வெச்சாக்கூட 12,000-க்கு 120 வாட் வேணும். அந்தச் சூட்டை இத்தனூண்டு ஃபேன் எங்க கொண்டுபோய்க் கொட்டும்?

சக்கரம்
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது ஒயர்மேன் சார். பெட்டியில போட்டிருக்கிற நம்பர் புளுகுன்னு எல்லாருக்கும் தெரியும், அதை வெச்சு எல்இடியையே தூக்கி எறியச் சொல்றது நியாயமா? மெல்லிசான பட்டை, டிம்முக்குத் தனித் தகடுன்னு ஒழுங்கா செய்யறவங்களும் இருக்காங்க. என் வண்டியில அதுதான் ஓடுது. லைட்டைச் சுவத்துல அடிச்சுப் பார்த்தேன், விளிம்பு நறுக்குன்னு நிக்குது. 55 வாட் தின்ன இடத்துல 20 சொச்சம் வாட்தான் தின்னுது, பேட்டரியும் ஸ்டேட்டரும் (எஞ்சின்ல கரண்ட் உண்டாக்குற சுருள்) மூச்சு விடுது.

இப்ப வர்ற புது வண்டிங்க பாதி எல்இடிதானே? அதுக்கு மட்டும் யாரும் வாய் திறக்கிறதில்ல.

ஒயர்மேன்
புது வண்டியில எல்இடிக்குன்னே ரெஃப்ளெக்டரும் லென்ஸும் கணக்குப் போட்டுச் செஞ்சிருப்பாங்க. இங்க இழைக்குச் செஞ்ச வீட்டுல வேற ஆளைக் குடிவைக்கிறோம். ஜெர்மனியில 2020-ல ஓஸ்ராம் கம்பெனியோட எச்7 (ஒரே இழை வகை ஹோல்டர்) எல்இடி பல்புக்கு ரோட்டுல ஓட்ட அனுமதி கொடுத்தாங்க. எல்லா வண்டிக்குமா கொடுத்தாங்க? சோதிச்சுப் பார்த்த மாடல்களைப் பட்டியல் போட்டு, அதுல மட்டும் மாட்டலாம்னாங்க. பல்பு நல்லதா கெட்டதான்னு தனியா சொல்ல முடியாது, எந்த ஹெட்லைட்டுக்குள்ள போகுதுங்கிறதுதான் கணக்கு. நாட்டுக்கு நாடு சட்டம் வேற, உங்க ஊர்ச் சட்டத்தை நீங்க பார்த்துக்கோங்க.

சுவத்துல விளிம்பு நின்னா பாதிக் கிணறுதான் தாண்டினது. விளிம்புக்குக் கொஞ்சம் கீழ, நடுவுல, அதிக வெளிச்சம் குவியணும். அதுதான் தூரத்துக்குப் போறது. நிறைய எல்இடி பல்பு வெளிச்சத்தைச் சக்கரத்துக்கு முன்னாடி பத்து மீட்டர்ல கொட்டிடும். கிட்டக்க பளீர்னு இருந்தா கண்மணி சுருங்கிடும், தூரத்துல இருட்டு இன்னும் கருப்பாத் தெரியும். ஓட்டுறவருக்கோ ஆஹா என்ன வெளிச்சம்னு தோணும்.

பழைய இரும்பு
ரெண்டு பேரும் பல்பிலேயே நிற்கிறீர்கள். பல்புக்கு எத்தனை வோல்ட் வந்து சேருகிறது என்று யாராவது கேட்டீர்களா?

ராத்திரி வண்டி தம்பி, ஒரு மல்டிமீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து முதலில் பேட்டரி முனையில் அளவெடுங்கள். பிறகு ஹோல்டரின் பின்பக்கம், பல்பு எரியும்போதே. ஹாலஜனின் வெளிச்சம் வோல்ட்டேஜுக்கு நேர் விகிதத்தில் குறையாது, ஏறக்குறைய அதன் 3.4-ஆம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். 13.2-க்குப் பதில் 12 வந்தால் வோல்ட்டேஜில் பத்து சதவீதம்கூடப் போகவில்லை, வெளிச்சத்தில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது.

வண்டியோடு வந்த ஒயர் மெல்லிசு. பேட்டரியில் கிளம்பும் கரண்ட் சாவி, ஹேண்டில் சுவிட்ச், நாலைந்து கப்ளர் என்று ஊர் சுற்றித்தான் பல்புக்கு வருகிறது. 55 வாட் என்றால் நாலரை ஆம்பியருக்கு மேல். ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள், பிளாஸ்டிக் பழுத்துப் பழுப்பாகியிருந்தால் வெளிச்சமாக வர வேண்டியது அங்கே சூடாகப் போகிறது என்று அர்த்தம். இதே ஒயரில் 100/90 பல்பை மாட்டுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பகீர் என்கிறது.

ராத்திரி வண்டி
அளந்தேன். பேட்டரியில் 13.9. ஹோல்டரில் 11.8. ஹோல்டரில் ஒரு பின் கறுத்திருக்கிறது.

பழைய இரும்பு
அப்போது 13.2 வோல்ட்டில் வர வேண்டிய வெளிச்சத்தோடு ஒப்பிட்டாலே மூன்றில் ஒரு பங்கை ஒயர் தின்கிறது. ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) போடுங்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த ஒயர், அங்கிருந்து ரிலே, ரிலேயிலிருந்து நேராகப் புது ஹோல்டர். பழைய ஹோல்டருக்கு வந்த ஒயர் இனி ரிலேயைத் தூண்ட மட்டும்தான். எர்த் ஒயரையும் தடிப்பாகப் போடுங்கள், அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

சக்கரம்
ஐயா, உங்க ரிலேயை நான் குறை சொல்லல. ஆனா எல்லா வண்டியிலயும் அது நடக்காது. பேட்டரி வழியா இல்லாம, ஸ்டேட்டர்ல இருந்தே ஹெட்லைட்டுக்கு நேரா ஏசி கரண்ட் போற வண்டிங்க எத்தனை ஓடுது? எஞ்சின் ஐடிலிங்ல இருந்தா லைட்டு மினுக்கு மினுக்குன்னு அழும். அதுல எச்எஸ்1னு குறைஞ்ச வாட் வகை, 35 வாட் பல்பு. பேட்டரியில இருந்து ரிலே இழுத்தா அந்தச் சின்ன சார்ஜிங்குக்குப் பேட்டரி தாங்காது. அங்க ஸ்டேட்டரை மாத்தணும், இல்ல வயரிங்கை டிசி (பேட்டரி கரண்ட்) ஆக்கிக் குறைஞ்ச வாட் எல்இடி போடணும். நான் ரெண்டாவதைத்தான் சொல்வேன். 35 வாட் ஹாலஜன் வெச்சுக்கிட்டு இருட்டுல குழியில விழச் சொல்றீங்களா?

மழைக்காலம்
எதிர்ல வர்றவ சார்பா நான் ரெண்டு வார்த்தை சொல்லிக்கறேன்.

சக்கரம் அண்ணா, உங்க சுவர் சோதனையைத் தனியா உக்கார்ந்து பண்ணீங்களா, பின்னாடி ஆளை ஏத்திக்கிட்டா? பின்னாடி ஒருத்தர் ஏறினா பின் ஷாக் அமுங்கி ஹெட்லைட் மூஞ்சி தூக்கிடும். அப்புறம் நறுக்குன்னு நிக்கிற அந்த விளிம்பு நேரா என் கண்ணுல. ஹெல்மெட் கிளாஸ்ல மழைத்துளி, அதுல நாலு கீறல் இருந்தா ஒரு வெள்ளை லைட்டு நாப்பது லைட்டாத் தெரியும். அந்த நேரத்துல ரோட்டோரம் நடக்கிற ஆளை நான் பார்க்கவே மாட்டேன். உங்களுக்கு ரோடு தெரியறதுக்கு நான் குருடாகணுமா?

ராத்திரி வண்டி, உங்களுக்கு வேற ஒண்ணு. கிட்டக்க ஒரு திட்டு மட்டும் தெரியுதுன்னா லைட்டு ரொம்பக் குனிஞ்சிருக்கலாம். ஹெட்லைட் தரையில இருந்து 90 சென்டிமீட்டர் உயரம்னு வெச்சுக்கோங்க. பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் இறங்கினா டிம் விளிம்பு 90 மீட்டர்ல தரையைத் தொடும். இருபது இறங்கினா 45 மீட்டர்லயே முடிஞ்சுடும். 60 கிலோமீட்டர் வேகத்துல பார்த்து, சுதாரிச்சு, காய்ஞ்ச ரோட்டுல நிறுத்தவே கிட்டத்தட்ட 48 மீட்டர் ஆகும். ஒரு ஸ்க்ரூ டிரைவர் வேலை, காசே வேணாம். வழக்கமா ஓட்டுற எடையோட உக்கார்ந்து, டயர் காத்தைச் சரிபார்த்துட்டுப் பண்ணுங்க. கிளாஸ் மஞ்சளாயிருந்தா அதையும் பாலிஷ் போடுங்க. உள்ள ரெஃப்ளெக்டரை மட்டும் துணி வெச்சுத் தேய்ச்சுடாதீங்க, பூச்சு உரிஞ்சு வந்துடும்.

சக்கரம்
பின்னாடி ஆள் ஏறினா ஹாலஜனும்தாம்மா மூஞ்சி தூக்கும். அதுக்கு எல்இடியை ஏன் திட்டறீங்க?

ஒயர்மேன்
தூக்கும். ஆனா விளிம்புக்கு மேல சிதறுற வெளிச்சம் ஒரே அளவு இல்லையே. அதுவும் எல்இடி 6,000 கெல்வின்ல (வெளிச்சத்தோட நிற அளவு) நீலம் தூக்கலா இருக்கும், ஹாலஜன் 3,200 பக்கத்துல. அதே அளவு வெளிச்சத்துக்கு நீலம்தான் கண்ணை அதிகம் உறுத்தும்.

இன்னும் வேணும்னா ஹெட்லைட்டைத் தொடாம, சொந்த லென்ஸ் இருக்கிற துணை விளக்கு ஒரு ஜோடி போடுங்க. பிரைட் போட்டாத்தான் அது எரியணும், டிம் அடிச்சதும் தானா அணையணும். தனி சுவிட்ச் போட்டுட்டு "நான் அணைச்சுக்குவேன்"னு சொல்ற பேச்சு வேணாம், யாரும் அணைக்கிறதில்ல.

ராத்திரி வண்டி
ரிலே வேலையை முதலில் முடித்துவிடுகிறேன். டிம்முக்கும் பிரைட்டுக்கும் சேர்த்து ஒரே ரிலே போதுமா? ஃபியூஸ் எத்தனை ஆம்பியர்?

பழைய இரும்பு
இரண்டு ரிலே, டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். 15 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரியை ஒட்டியே. ரிலேயைத் தண்ணீர் அடிக்காத இடத்தில், கால்கள் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். முடித்துவிட்டு ஹோல்டரில் மறுபடி அளந்து சொல்லுங்கள்.

சக்கரம்
அளந்த கையோட அந்த எல்இடி பெட்டியையும் பிரிங்க. பட்டை எத்தனை மில்லிமீட்டர் தடிமன்னு போட்டோ போடுங்க, பார்த்துட்டுச் சொல்றேன்.