ஏஞ்சல்ஸ் ஃப்ளைட்: காப்பாற்றியது ரயிலையா, இரண்டு பெட்டிகளையா?

கல்மண்டபம்காரன்:

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் மையப்பகுதியில் ஹில் தெருவிலிருந்து பங்கர் ஹில் மேட்டுக்கு ஏறும் ஏஞ்சல்ஸ் ஃப்ளைட் என்ற இழுவை ரயிலில் அண்மையில் சென்று வந்தேன். பழனி விஞ்சில் ஏறியவர்களுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. கம்பி வடம் இழுக்க, உள்ளே படிப்படியாக இருக்கைகள் அமைந்த பெட்டி சரிவில் ஏறுகிறது. பாதையின் நீளம் 298 அடிதான். சரிவோ நூற்றுக்கு 33. சினாய், ஆலிவெட் என்று விவிலிய மலைகளின் பெயர் தாங்கிய, ஆரஞ்சும் கறுப்பும் பூசிய இரண்டு பெட்டிகள் எதிரெதிராக இயங்குகின்றன. நடுவழியில் மட்டும் பாதை இரண்டாகப் பிரிந்து விலகும் இடத்தில், எதிர்ப்பெட்டியில் இருப்பவரின் சட்டைப் பொத்தானை எண்ணிவிடலாம் என்னும் அளவுக்கு அவை உரசாமல் கடக்கின்றன. மரப்பலகைகள் முனகுகின்றன. மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் கட்டணம். பெட்டிக்குள் நடத்துநரும் இல்லை, ஓட்டுநரும் இல்லை. இயக்குபவர் மேல் நிலையத்தில் அமர்ந்திருக்கிறார்.

1901 டிசம்பர் 31 அன்று தொடங்கிய ஒன்றை இன்றும் ஏறிப் பயணம் செய்யும்படி வைத்திருக்கிறார்கள் என்பதே என் வியப்பு. நம் ராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் புறப்பட்டது 1856 ஜூலை 1 அன்று. தென்னிந்தியாவின் பயணிகள் ரயில் வரலாறே அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அந்த நிலையத்தின் தூண்களுக்கு வெள்ளையடிப்பதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது. பழைய ரயில் என்றால் அது ஓட வேண்டும். ஓடாத ரயிலைப் பாரம்பரியச் சின்னம் என்று அழைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

பெரம்பூர் லோகோ:

ஐயா, நீங்கள் ஏறியது 1901ஆம் ஆண்டின் ரயிலில் அல்ல. அந்த ரயில் 1969 மே மாதத்தில் நிறுத்தப்பட்டு, கழற்றப்பட்டு, கிடங்குக்குப் போனது. விரைவில் திரும்பிவிடும் என்று சொல்லப்பட்ட அது மீண்டும் ஓடியது 1996இல். அதுவும் பழைய இடத்தில் அல்ல, அரைத் தெரு தள்ளி. மூன்றாம் தெருச் சுரங்கப்பாதையின் பக்கத்தில் இருந்த பழைய சரிவு அல்ல இப்போதையது. ஆகப் பழையவை என்று சொல்லத்தக்கவை இரண்டு பெட்டிகளும் நிலையக் கட்டடமும் வளைவும்தான்.

இடம் மாறியதைக்கூட விட்டுவிடுகிறேன், இயந்திரத்தைப் பார்ப்போம். பழைய அமைப்பில் இரண்டு பெட்டிகளும் ஒரே வடத்தில் பிணைந்திருந்தன. அதற்கு மேல் தனியாக ஒரு பாதுகாப்பு வடமும் இருந்தது. 1996இல் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி வடம், வடத்தைச் சுற்றத் தனித்தனி உருளை என்று மாற்றி, இரண்டு உருளைகளையும் பற்சக்கரங்களால் இணைத்தார்கள். பாதுகாப்பு வடத்தைக் கைவிட்டார்கள். 2001 பிப்ரவரி 1 அன்று சினாய் பெட்டியின் உருளைக்குப் போகும் இணைப்பு தேய்ந்து அறுந்தது. அறுந்ததும் அந்தப் பெட்டிக்கு மற்றப் பெட்டி தரும் எதிர் எடையும் இல்லை, மோட்டார் பக்கம் இருந்த பிரேக்கும் இல்லை. உருளையையே பிடித்து நிறுத்த வேண்டிய அவசர பிரேக் பல மாதங்களாகவே வேலை செய்யாமல் இருந்ததை விசாரணை பின்னர் கண்டறிந்தது. சினாய் கீழ்நோக்கி உருண்டு ஆலிவெட்டின் மீது மோதியதில் முதியவர் ஒருவர் இறந்தார். ஏழு பேர் காயமுற்றனர். தோற்றத்தைக் காப்பாற்றி, தோற்றத்துக்குள் இருந்த அறிவைத் தூக்கி எறிந்தவர்களை நாம் எதற்கு முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும்?

போகிற போக்கில் ஒன்று: இதை உலகின் மிகக் குறுகிய ரயில் என்று விளம்பரம் செய்வார்கள். இங்கிலாந்தின் போர்ன்மவுத் கடற்கரையில் இதன் பாதி நீளத்துக்கும் குறைவான இழுவை ரயில் ஒன்று உண்டு.

கல்மண்டபம்காரன்:

இயந்திரம் மாறினால் பாரம்பரியம் போய்விடும் என்றால் ஊட்டி மலை ரயிலையும் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியிருக்கும். பொன்மலைப் பணிமனையில் இந்த நூற்றாண்டில் கட்டிய எஞ்சின்கள்தானே அதை இயக்குகின்றன? ஆயினும் 2005இல் யுனெஸ்கோ அதற்குத் தந்த உலகப் பாரம்பரியத் தகுதி இன்றும் நீடிக்கிறது. விபத்தைப் பொறுத்தவரை, அது பராமரிப்பின் குற்றம். பழனியில் ஆண்டுதோறும் ரோப்காரைப் பராமரிப்புக்காக நிறுத்துகிறார்கள் என்ற செய்தியைப் படித்து நாம் முணுமுணுக்கிறோமே, அந்த ஒழுங்கு அங்கே இல்லாமல் போனது என்பதே அதன் பொருள். 2010இல் மீண்டும் திறந்தார்கள். 2013இல் பெட்டி தடம் புரண்டதும் மூடி, பாதையோரம் அவசர வெளியேற்ற நடைபாதை அமைத்துவிட்டு 2017 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். தொடக்கக் கட்டணம் ஒரு சென்ட். 2017இல் ஒரு டாலர், நகரப் போக்குவரத்து அட்டை வைத்திருப்பவருக்கு ஐம்பது சென்ட். அலுவலகத்துக்குப் போகிறவர்களும் அதில் ஏறுகிறார்கள்.

பெரம்பூர் லோகோ:

ஊட்டி உதாரணம் என் பக்கமே நிற்கிறது. எஞ்சின் புதிது, எரிபொருளும் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிற்று. ஆனால் கல்லாறுக்கு மேலே 12க்கு ஒன்று என்ற ஏற்றத்தில் பல்தண்டவாளத்தைப் பற்சக்கரம் கவ்வி ஏறும் தத்துவத்தில் யாரும் கை வைக்கவில்லை. ஏஞ்சல்ஸ் ஃப்ளைட்டில் மாற்றியது அந்தத் தத்துவத்தையே. 2013ஐ நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள்; விசாரணையில் என்ன தெரிந்தது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். பாதுகாப்பு அமைப்பு ரயிலைத் தானாக நிறுத்திவிடும்போதெல்லாம், அதை மீறி ஓட்டுவதற்கான பொத்தான் அழுந்தியபடியே இருக்க ஒரு மரக்கிளையை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். பணிமனையில் காலம் கழித்த எவருக்கும் இதைப் படித்தால் வயிறு கலங்கும்.

தண்டையார்ப்பேட்டை இளையவன்:

பெரியவர்கள் இருவரும் மன்னிக்க வேண்டும். பக்கத்திலேயே படிக்கட்டு இருக்கிறது. பயணமோ ஏறக்குறைய ஒரு நிமிடம். இதற்கு இவ்வளவு வாதம் தேவையா? மேம்பாலம் ஏறுவதையே மலையேற்றமாகக் கொள்ளும் நமக்கு மலை ரயிலைப் பற்றி என்ன கவலை?

வியாசர்பாடி வாசகி:

தம்பி, படிக்கட்டு உங்கள் முழங்காலுக்குப் போதும். அந்த ரயிலில் யார் ஏறினார்கள் என்று கேட்டிருந்தால் இந்தக் கேள்வி எழுந்திருக்காது. பங்கர் ஹில் முதலில் செல்வந்தர்களின் மாளிகைகள் நிறைந்த மேடு. அவர்கள் வேறிடம் பெயர்ந்த பிறகு அந்த மாளிகைகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு, ஓய்வூதியம் வாங்கும் முதியவர்களும் குறைந்த கூலிக்காரர்களும் வாடகைக்கு இருக்கும் வீடுகளாயின. கீழே ஹில் தெருவில், 1917இல் திறந்த கிராண்ட் சென்ட்ரல் மார்க்கெட் இன்றைய நிலையத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பும் மூதாட்டிக்கு அந்த ஒரு சென்ட் ரயில் பொழுதுபோக்கு அன்று.

1959இல் நகர மறுசீரமைப்புத் திட்டம் ஒப்புதல் பெற்றது. ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன, மேட்டின் தலையையே சீவினார்கள். மிஞ்சிய இரண்டு பழைய வீடுகளைப் பெயர்த்து ஓர் அருங்காட்சியக வளாகத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அதே 1969ஆம் ஆண்டிலேயே யாரோ தீ வைத்ததில் அவையும் எரிந்துபோயின. ரயில் நிறுத்தப்பட்டதும் அந்த ஆண்டில்தான். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து அது திரும்பி வந்தபோது மேலே அலுவலகக் கோபுரங்கள் நின்றன. சென்னையில் கால்வாய் ஓரத்துக் குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பியதைப் பார்த்த நமக்கு இந்தக் கதையில் புரியாத வரி ஒன்றும் இல்லை. நீங்கள் இருவரும் வடத்தைப் பற்றியும் உருளையைப் பற்றியும் வாதிடுகிறீர்கள். பயணிகள் காணாமல் போனதை இருவருமே கணக்கில் எடுக்கவில்லை.

கல்மண்டபம்காரன்:

அம்மா, நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் அந்த அநீதிக்கு ரயிலைக் குற்றவாளி ஆக்க முடியாது. ரயிலும் அந்த மக்களோடு சேர்த்து வெளியேற்றப்பட்டதுதானே? அது திரும்பி வந்திராவிட்டால், அங்கே ஒரு குடியிருப்பு இருந்தது என்பதைக் கேட்டறியும் வாய்ப்பே என் போன்ற வெளியூர்க்காரனுக்குக் கிடைத்திருக்காது.

வியாசர்பாடி வாசகி:

அதைக் கேட்டறிந்த நீங்கள் உங்கள் முதல் பதிவில் எழுதியது பெட்டியின் நிறத்தையும் பலகையின் முனகலையும்தான், ஐயா. ரயில் தானாக எதையும் நினைவூட்டிவிடாது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ராயபுரத்தில் பழைய பெட்டி ஒன்றை ஓட்டிக் காட்டும் நாள் வந்தாலும், அந்த நிலையத்தில் மூட்டை சுமந்தவர்களும் அதைச் சுற்றிக் குடியிருந்தவர்களும் யார் என்பதை யாராவது எழுதி வைத்தால்தான் தெரியும்.

பெரம்பூர் லோகோ:

வாசகி அம்மா சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. என் வாதம் அதற்குக் குறுக்கே போகவும் இல்லை. கல்மண்டபம் ஐயாவிடம் மட்டும் ஒன்று கேட்கிறேன். இயக்குபவர் மேல் நிலையத்தில் இருக்கிறார் என்றீர்கள். ஏறும் பெட்டி நடுவழியைக் கடக்கும்போது அவர் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாரா, கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தாரா?

கல்மண்டபம்காரன்:

நான் எதிர்ப்பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரம்பூர் லோகோ:

அதனால்தான் கேட்டேன். பயணி வேடிக்கை பார்க்கலாம். அதற்குத்தானே காசு கொடுக்கிறார். அவர் பார்க்காததை அங்கே யார், எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்க்கிறார்கள் என்பதைச் சொல்லும் பதிவேடு என் கண்ணில் பட்டால், உங்களோடு நானும் ஏறத் தயார்.