லேபிள் பிரின்டரில் ‘டார்க்னஸ்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,
மசாலாப் பொட்டலங்களுக்கு லேபிள் அடிக்கும் சிறு கூடங்களுக்காக வெப்ப அச்சுப்பொறிக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ‘ஸ்பீடு’ வேகம்தான். அச்சு எவ்வளவு கறுப்பாக விழ வேண்டும் என்று வைக்கும் ‘டார்க்னஸ்’தான் இடிக்கிறது. இப்போதைக்கு ‘அடர்த்தி’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

*

தம்பி, அடர்த்தி வேண்டாம். அங்குலத்துக்கு 203 புள்ளி, 300 புள்ளி என்று அதே கையேட்டில் வருமே, அதற்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். டார்க்னஸ் அமைப்போ அச்சுத்தலையின், அதாவது சூடு வைத்து அச்சிடும் பாகத்தின், புள்ளிகளுக்குப் போகும் சூட்டைக் கூட்டிக் குறைக்கிறது. ‘கருமை’ என்று பெயர் வைத்தால் ஆளாளுக்கு ஏற்றிக்கொண்டே போவார்கள். பார்கோடின் கோடுகள் தடித்து இடைவெளி அடைபடும். லேபிள் கன்னங்கரேலென்று இருக்கும், ஸ்கேனர் படிக்காது. ‘சூட்டளவு’ என்று வையுங்கள்.

*

சூட்டளவு என்றால் டிகிரி என்று எண்ணுவார்கள். திரையில் இருப்பதோ 0 முதல் 15 வரை, சில பொறிகளில் 0 முதல் 30 வரை, வெறும் படிகள்.
றகரம் போட்டு ‘கறுப்பளவு’ என்போம். ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்கிறது தொல்காப்பிய உரியியல். நிறத்தையும் குறிக்கும் என்பது அடுத்த நூற்பாவில்தான். கார், கரி, கருமுகில் எல்லாம் இருக்கிற நிறம். கறுத்தல் மாற்றம்: முகம் கறுத்தது, காய் கறுத்தது. வெள்ளைத் தாள் சூடு பட்டுக் கறுக்கிறது. இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது.

*

ஐயா, நூற்பா அருமை. ஆனால் மை பூசிய நாடா ஓடும் ரிப்பன் பொறியில் தாள் கறுப்பதில்லை, ரிப்பனிலிருக்கும் மெழுகோ ரெசின் என்னும் பிசினோ உருகி ஒட்டுகிறது. சிவப்பு ரிப்பனும் உண்டு. அங்கே கறுப்பளவு எதைக் குறிக்கும்?
பாலிடெக்னிக் வகுப்பில் நான் வேகத்தையும் இதையும் சேர்த்தே நடத்துகிறேன். வேகம் கூடினால் புள்ளி சூடாகக் கிடைக்கும் நேரம் குறைகிறது, எழுத்து வெளிறுகிறது. ரெசினுக்கு மெழுகைவிடச் சூடு அதிகம் வேண்டும், வேகத்தைக் குறைக்க வேண்டும். ‘சூடு’ என்றால் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடுகிறது. ‘அளவு’கூட வேண்டாம்.
கையேட்டில் இதையும் சேருங்கள்: தாள் ஓடும் திசையில் வெள்ளைக் கோடு விழுந்தால் முதலில் பொறியை அணைத்து, ஆறவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் அச்சுத்தலையைத் துடைக்க வேண்டும். பல நேரம் அது ஒட்டியிருக்கும் தூசி. துடைத்தும் போகாவிட்டால் புள்ளி எரிந்திருக்கலாம். சூட்டை ஏற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

*

நன்றி அம்மா. ‘சூடு’ என்றே போடுகிறேன். பொறியின் திரையில் ஆங்கிலம்தான் இருக்கிறது, அதனால் முதல் இடத்தில் ‘டார்க்னஸ் என்னும் சூடு’ என்று வரும்.

*

நாள் நெருங்கிவிட்டது, தடுக்கவில்லை. ஆனால் ரிப்பன் இல்லாமல் சூடு பட்டுத் தானே கறுக்கும் நேரடி வெப்பத்தாளுக்குக் கறுப்பளவே சரி என்பது என் நிலை. குழுவின் சொற்பட்டியலில் அதையும் ஏற்றுங்கள். அப்புறம், ‘அச்சுத்தலை’யை எல்லோரும் கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். ‘அச்சுமுனை’ பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.